மூன்றரை

எங்கள் ஊர்ச் சங்கங்கள் வருசா வருசம் மலர் போடும். "நாம் கடந்து வந்த பாதை" என்று அதில் ஒரு கட்டுரை தவறாது. எல்லாரும் கண்ணீரோடு வந்திறங்கி, உழைத்து, நாலாவது பக்கத்தில் கோட்டுப் போட்ட படத்தோடு உயர்ந்துவிடுவார்கள். காலையில் குளியலறை வாசலில் எட்டுப் பேர் துவாயோடு நின்றதைப் பற்றி ஒரு வரி இராது.

அந்தப் பாதையே கொஞ்சம் கோணல்தான். 1986 ஆகஸ்ட் 11, நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள். அவற்றில் 155 தமிழர். மீன்பிடிக்கப் போன கஸ் டால்ட்டன் கண்டார், கரை சேர்த்தார்கள். கப்பலிலிருந்து படகில் இறக்கிவிடும்போது மொன்றியல் கிட்டத்தான் என்று சொல்லியிருந்தார்களாம். மொன்றியல் அங்கிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். கொழும்புக்குக் காசு வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு வெளியே கடலில் தள்ளிவிட்ட கணக்கு. எங்களாட்களும் சளைக்கவில்லை. இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றார்கள். சில நாளில் மேற்கு ஜெர்மனி என்று குட்டு வெளிப்பட்டது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொய், கணக்குச் சரி. ஒரு வருச அனுமதி கொடுத்து மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பி வைத்தார்கள்.

நான் அடுத்த வருசம் விமானத்தில் வந்த வீரன். மிராபெல் விமானநிலையம் வயலுக்கு நடுவில் கிடந்தது. நகரத்துக்கு ஒரு மணித்தியால ஓட்டம். கூட்டிக்கொண்டு போக வந்த அண்ணை, "வீடு மூன்றரைடா தம்பி" என்றார். மூன்றரை என்றால் மூன்றரைப் பரப்புக் காணி என்றுதான் என் யாழ்ப்பாண மூளை எடுத்துக்கொண்டது. ஒரு மாமரமும் கிணறும்கூட மனதுக்குள் வந்துவிட்டன.

கோட்-டே-நேஜில் நாலாவது மாடி. படுக்கை அறை ஒன்று, இருக்கை அறை ஒன்று, குசினி ஒன்று. மொன்றியலில் வாடகை வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள். கடைசியில் வரும் அந்த அரை, குளியலறை. எட்டுப் பேருக்கு ஒரு அரை. பின்னம் படித்தவர்கள் வகுத்துப் பார்க்கலாம்.

கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர் அதை எழுதியிருந்தார். ஆளுக்கு ஐந்து நிமிடம். தாண்டினால் இருபத்தைந்து சதம் தண்டம், ஹார்லிக்ஸ் போத்தலுக்குள். அந்தப் போத்தல் நிறைந்ததும் அதை வைத்தே முதல் சீட்டுத் தொடங்கினோம். எங்கள் வீட்டுப் பொருளாதாரத்துக்கு அடிக்கல் நாட்டியது அந்த அரைதான் என்பதை எந்த மலரும் எழுதாது.

இரவில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு விடியற்புறம் வரும் ஒருவர் இருந்தார். பகலில் வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் பூட்டுப் போடக்கூடிய ஒரே இடம் குளியல் தொட்டி. தலையணை போட்டு அதற்குள் படுத்துவிடுவார். குளிக்கப் போகிறவர் முதலில் அவரை எழுப்பவேண்டும். தொட்டி அண்ணை என்ற பட்டம் அப்படி வந்தது. எட்டுப் பேருக்கும் நல்ல கோட்டு ஒன்றுதான். அகதிக் கேஸுக்குப் போகிறவருக்கு முன்னுரிமை. கதிரை, மேசை, மெத்தை எல்லாம் ஜூலை 1 உபயம். மற்றக் கனடாவுக்குக் கனடா தினம். மொன்றியலுக்கு அது வீடு மாறுகிற நாள். தெருவோரம் முழுக்கத் தளபாடம்.

மேல்மாடியிலும் ஒரு மூன்றரை. கிழமை நாட்களில் வெஸ்ட்மவுண்ட் பணக்கார வீடுகளில் பிள்ளை பார்த்து, சனி இரவு மட்டும் வந்து தங்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் சேர்ந்து எடுத்த வீடு. அவர்களுடைய கதவிலும் பட்டியல். எங்களுடையதைவிட ஒழுங்கு, நிறப்பேனாவில். ஒருமுறை கீரை ஒன்று தந்து "மலுங்கை" என்றார்கள். பார்த்தால் முருங்கை இலை! எங்கள் சொல்லைக் களவெடுத்துவிட்டார்கள் என்று தொட்டி அண்ணை அடித்துச் சொன்னார். களவெடுத்த சொல்லை அன்றிரவே வறை செய்து தின்றோம்.

1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்த நாட்டிலிருந்து ஓடி வந்து, 1977இல் பிரெஞ்சுக்குச் சட்டம் போட்ட மாகாணத்தில் இறங்கியிருந்தோம். ஒரு வித்தியாசம்: இவர்கள் மொழி படிக்கக் காசு தந்தார்கள். குடிவரவாளருக்கான அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுருக்கிக் 'கோஃபி' என்பார்கள். "கோப்பிக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுவோம். எண் பாடம் வந்தது. பிரெஞ்சில் எண்பது என்றால் நாலு இருபது. சிரித்தோம், பிறகு எங்கள் தொண்ணூறு நூறைக் கடன் வாங்கி நிற்பது நினைவு வந்து சிரிப்பை நிறுத்தினோம். எந்த வருசத்தில் ஊரில் பிரச்சினை தொடங்கியது என்று ஆசிரியை ஒவ்வொருவராகக் கேட்டார். நாலு இருபது மூன்று. அடுத்தவர், நாலு இருபது மூன்று. ஆறு பேர், ஒரே எண், பிசகாத உச்சரிப்பு. எண் பாடம் பதிந்துவிட்டது என்று அந்த அம்மா மகிழ்ந்து கை தட்டினார். நாங்களும் தட்டினோம். வேறென்ன செய்ய?

1995 ஒக்டோபர் 30, கியூபெக் பிரிவதா இல்லையா என்று வாக்கெடுப்பு. ஊரில் பிரிவினை கேட்டவன் நான். இங்கே பிரியக்கூடாது என்று புள்ளடி போட்டேன். இதை இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை, முக்கியமாக எனக்கு. 50.58 வீதம் வேண்டாம் என்றது. தோற்றதற்குப் பணமும் இனக்குழு வாக்குகளும் காரணம் என்று மாகாண முதல்வர் பாரிசோ அன்றிரவே மேடையில் சொன்னார். பணம் எங்களிடம் இருக்கவில்லை.

அதற்குள் எங்கள் ஆட்களில் கனபேர் ரொறன்ரோ பஸ் ஏறிவிட்டார்கள். ஆங்கிலம் போதும், வேலை கூட, இடியப்பம் வாங்கலாம் என்று காரணம். தொட்டி அண்ணையும் போனார். இப்போது மார்க்கத்தில் வீடு, நாலு குளியலறை. போன மாதம் அழைத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது.

"எங்கை அண்ணை நிக்கிறியள்?"

"பாத்ரூமுக்கைதான்ரா. மகன், மருமகள், பேரப்பிள்ளையள் எண்டு வீடு நிறைஞ்சு கிடக்கு. இஞ்சைதான் கொஞ்சம் அமைதி."

"தொட்டிக்குள்ளயோ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தலகாணி வைச்சிருக்கிறன்" என்றார்.