பக்கத்துக் கடைப் பாட்டு

1984 ஜூலையில் தமிழுக்கு இரண்டு காமிக்ஸ் இதழ்கள் வந்து சேர்ந்தன. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ், முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், முதல் இதழ் ஜேம்ஸ்பாண்டின் ‘அழகியைத் தேடி’, விலை ஒன்றரை ரூபாய். 1972 முதல் வந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸையும் சேர்த்தால் மூன்று. வேலூர் சத்துவாச்சாரியில் இந்த மூன்றும் ஒரே சணல் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கின. கயிறு கட்டியிருந்த பெட்டிக்கடைதான் எங்களுக்குக் காமிக்ஸ் கடை.

கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. அப்போது அதற்கு 46ஆம் எண். சென்னைப் பெரியமேட்டிலிருந்து ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஏற்றிப் போகிற லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். லாரி கடந்து போன பிறகும் வாடை கொஞ்ச நேரம் நிற்கும். ஆம்பூர் பஸ்ஸின் ஹாரன், டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரின் விசில், சோடா பாட்டில் கோலி உள்ளே இறங்குகிற சத்தம் எல்லாம் கடைக்குள்ளேயே நடப்பதுபோல் கேட்கும். கடைக்காரர் ஆம்பூர்க்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவர் பாய்தான். இருபத்தைந்து பைசா கொடுத்தால் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கப் பணமில்லாத பிள்ளைகளுக்கு அந்தப் பெஞ்சு பெரிய உபகாரம். அதை அவர் உபகாரமாக ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

“பாய், லயன் வந்துட்சா?”

“இன்னும் வர்ல தம்பி. ராணி வந்துகீது, படி.”

இடது பக்கம் டீக்கடை. காலையில் விவித் பாரதி, சாயங்காலம் இலங்கை வானொலி. வலது பக்கம் பாட்டுப் பதிவு செய்து தருகிற ரெக்கார்டிங் சென்டர். இந்தத் தலைமுறைக்கு அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, ஒரு காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். இசைத்தட்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாகக் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். ஐந்து நிமிடப் பாட்டை ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஏற்றும்போது பாட்டு சத்தமாக ஓடும். சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பிறகு இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஊர் எந்தப் பாட்டை விரும்பியதோ, அதே பாட்டு ஒரே நாளில் மறுபடி மறுபடி வரும். 1984 கடைசியில் ‘வைதேகி காத்திருந்தாள்’ வந்தபோது வேறு படப் பாட்டே இல்லாத மாதிரி இருந்தது. இளையராஜாவின் அந்த மெட்டுகளும் ஜெயச்சந்திரனின் குரலும் பெஞ்சுவரை வந்து, நாங்கள் கையில் வைத்திருந்த பக்கங்களில் ஏறிக்கொண்டன. இன்றைக்கும் ஜெயச்சந்திரன் பாடக் கேட்டால் எனக்கு இரும்புக்கை மாயாவி நினைவுக்கு வருகிறார். படத்துக்கும் மாயாவிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பாய் கடைப் பெஞ்சுதான் இரண்டையும் சேர்த்து வைத்தது.

மாயாவியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1962இல் லண்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவர். வரைந்தவர்களில் முக்கியமானவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் மாயாவியின் உருவம் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். முத்து காமிக்ஸ் தொடங்கியதே இவரை வைத்துத்தான். பிளாஸ்கோ போடுகிற கறுப்பு சாதாரணக் கறுப்பு இல்லை. அறையின் மூலையில், மாடிப்படியின் அடியில், கோட்டுக் காலரின் உள்ளே என்று இருட்டை எங்கே குவிப்பது என அவருக்குத் தெரியும். சாணித்தாளில் மங்கி அச்சானபோதுகூட அந்த இருட்டு எங்களைப் பயமுறுத்தியது. ஒரு சாயங்காலம் மாயாவி பிளக்கில் விரல் வைக்கிற கட்டத்தில் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு இழுத்து, தடித்து, நின்றது. பாய் மெழுகுவர்த்தி ஏற்றியபடி, “மாயாவி எல்லாக் கரண்டையும் இஸ்துகினாரா?” என்று கேட்டார். டீக்கடை டிரான்சிஸ்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இலங்கை வானொலி பாட, மீதிப் பக்கங்களைப் படித்து முடித்தேன். ஒரு கதையை அவ்வளவு முழுமையாக அதற்குப் பிறகு படித்திருக்கிறேனா என்பது சந்தேகம்.

கடைகளில் பாட்டுப் போடுவது வெளிநாட்டில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ரொனால்ட் மில்லிமன் என்பவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேகமான இசையையும் மெதுவான இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, 1982இல் ஆய்வை வெளியிட்டார். மெதுவான இசை ஓடிய நாட்களில் ஜனங்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியது. பிறகு ஒயின் விற்பனையை வைத்து நடந்த சோதனைகளில், எந்த இசை ஓடுகிறதோ அதற்கேற்ப வாங்குகிற பாட்டிலும் மாறியது. ஆக, கடையில் ஒலிக்கிற பாட்டு வாடிக்கையாளரின் காலையும் பர்ஸையும் குறிவைத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

பாய் கடைக்கு வந்த பாட்டு எங்களைக் குறிவைக்கவில்லை. டீ குடிக்கிறவருக்கு ஓடியது, யாரோ ஒருவரின் கேசட்டுக்கு ஓடியது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. அந்த வயதில் இதை எடுத்துச் சொல்லத் தெரியாது, ஆனால் அதன் சுகத்தை அனுபவித்தோம். சொல் உள்ள பாட்டு படிப்பதில் குறுக்கிடும் என்று உளவியல் சோதனைகள் காட்டுகின்றன, நானும் நம்புகிறேன். அப்படியானால் அன்று எப்படிப் படித்தோம்? என் எண்ணம் இது: அதே பாட்டு பத்து முறை வந்தபின் அதன் சொற்களைக் காது விட்டுவிடுகிறது, மெட்டு மட்டும் நிற்கிறது. புதுப் பாட்டு வந்த நாளில் நாங்களும் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

காமிக்ஸுக்கு அதன் சத்தம் அச்சிலேயே இருக்கிறது. துப்பாக்கி ‘டுமீல்’ என்கிறது, கதவு ‘தடால்’ என்கிறது, எழுத்து வரைபவர் அந்தச் சொல்லைச் சாய்த்தும் பெருக்கியும் போட்டிருப்பார். படிக்கிறவனின் தலைக்குள் அது கேட்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

சென்னையில் அப்படி இடம் விட்ட பெரிய கடையும் இருந்தது. 1987இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லேண்ட்மார்க்கில் புத்தகமும் பாட்டும் ஒரே கூரையின் கீழ் விற்றார்கள். டின்டினையும் ஆஸ்டெரிக்ஸையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். வேலூரிலிருந்து போன எனக்கு அது குளிர்சாதனம் வைத்த பாய் கடையாகவே தெரிந்தது. அந்தக் கடை இன்று இல்லை.

பாய் கடையும் இல்லை. தங்க நாற்கரச் சாலைக்காக நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துக் கடைகள் போயின. சாலையின் எண்ணும் மாறி இப்போது 48 ஆகிவிட்டது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் இடையில் தளர்ந்து, 2012இல் எழுந்து, இப்போது நல்ல தாளில் வண்ணத்தில் வருகின்றன. ஆசிரியர் விஜயனும் அவருடைய சிவகாசிக் குழுவும் செய்திருப்பது பெரிய காரியம். இந்த மொழியில் டெக்ஸ் வில்லரும் லக்கி லுக்கும் உயிரோடு இருப்பது அவர்களால்தான். சந்தா கட்டினால் கூரியரில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, சோபாவில் உட்கார்ந்து, அமைதியாகப் படிக்கிறேன். அச்சு அன்றைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பக்கத்தில் தோளை இடித்துக்கொண்டு, “சீக்கிரம் திருப்புடா” என்று சொல்ல ஆளில்லை.

சென்ற வருடம் ஒரு மாலில் காமிக்ஸுக்கென்றே தனி மூலை வைத்த கடைக்கு அண்ணன் பேரனை அழைத்துப் போனேன். கூரையிலிருந்து ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது. புத்தகங்கள் எல்லாம் கண்ணாடித்தாளில் ஒட்டி மூடியிருந்தன. “தாத்தா, இதுக்குள்ள என்ன கதை?” என்று பிள்ளை கேட்டான். பிரித்துக் காட்ட வழியில்லை. சுவரில் பேட்மேன் படம், மேசையில் பொம்மைகள், காபி வாசனை என்று காமிக்ஸ் கடைக்கு வேண்டிய சூழல் முழுக்க அங்கே இருந்தது, படிப்பதைத் தவிர. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்ததும் இளைஞர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்ததும் எனக்குச் சந்தோஷமே. திருவிழாவில் சத்தம் இருக்கத்தான் வேண்டும். கடை திருவிழா இல்லை. வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டிய இடம் அது.

இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஈரோட்டில் ஆகஸ்டில் லயன்-முத்து வாசகர்கள் ஊர் ஊராக வந்து ஒன்றுகூடுகிறார்கள். நரைத்த தலைகளே அதிகம் என்றாலும் பிள்ளைகளையும் கையோடு கூட்டி வருகிறார்கள். விருப்பம் சாகவில்லை. உட்கார இடம்தான் இல்லை.

வேலூரிலோ சத்துவாச்சாரியிலோ ஆம்பூரிலோ புத்தகக் கடை வைத்திருப்பவர்களுக்கும் வைக்க நினைப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. காமிக்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சு போடுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியைப் பிரித்தே வையுங்கள், அழுக்கானால் ஆகட்டும், அதை விற்பனைச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு வேண்டுமென்றால் உரிமம் வாங்கிக்கொண்டு, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, ‘நத்திங் பட் விண்ட்’ போன்ற சொல் இல்லாத இசையாக, பக்கத்துக் கடையிலிருந்து வருகிற அளவுக்குத் தாழ்த்திப் போடுங்கள். பையன் புத்தகத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தால், சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.