எண்ட்ஷுல்டிகுங், நாலாவது டி பிளாக் எங்கே?

போன சனிக்கிழமை பெங்களூர் ஜெயநகரில் தொலைந்துபோனேன். ஜெர்மன் வாய்மொழித் தேர்வுக்குப் போகிற வழியில். தேர்வில் எனக்கு வாய்த்த கேள்வி: 'நீங்கள் பெர்லினில் வழி தெரியாமல் நிற்கிறீர்கள், உதவி கேளுங்கள்.' இதற்காகத்தான் வேர்க்க விறுவிறுக்க இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போய் நின்றேன்.

இந்த வயதில் ஜெர்மன் எதற்கு என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளையும் அங்கேதான் எம்.எஸ். படித்துக்கொண்டிருப்பான்.

ஒரு முக்கியமான விஷயம் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஜெர்மனில் வருகிற 'ஃபெர்' என்ற முன்னொட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

'வழி தப்பிட்டேன்' என்று நாம் முடித்துவிடுவோம். ஜெர்மன்காரன் விட மாட்டான். நடந்துபோய்த் தப்பினால் ஃபெர்லாவ்ஃபன். வண்டியில் போய்த் தப்பினால் ஃபெர்ஃபாரன். விமானி வானத்தில் திசை தப்பினால் ஃபெர்ஃப்லீகன். நானோ ஆட்டோவில் கிளம்பி, சவுத் எண்ட் சர்க்கிள் நெரிசலில் பொறுமை போய், இறங்கி நடந்தவன். எந்த இடத்தில் ஃபாரன் முடிந்து லாவ்ஃபன் தொடங்கியது? அது தெரிந்தால் நான் ஏன் தொலைகிறேன்?

இந்த ஃபெர்ரை முன்னால் ஒட்டினால் பல வினைகளுக்குக் காரியம் கெட்டது என்று அர்த்தம். கணக்கு தப்பினால் ஃபெர்ரெஷ்னன். காதில் தப்பாக விழுந்தால் ஃபெர்ஹோரன். போனில் தப்பு நம்பர் அழுத்தினால் ஃபெர்வேலன். சாம்பாரில் உப்பைக் கொட்டிக் கெடுத்தால் ஃபெர்சால்ட்சன். காதலில் விழுந்தால் ஃபெர்லீபன். ஆமாம், அதற்கும் அதே ஃபெர்தான். ஜெர்மன் ஒரு எழுத்துகூடத் தெரியாத என் மனைவி, 'சரியாத்தானே வெச்சிருக்காங்க' என்றாள். இந்த ஊர் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களே, அதற்கு ஒரு ஃபெர் உண்டா என்று டீச்சரைக் கேட்டேன். முறைத்தார். அவர் மைசூர்க்காரர். இருபது வருஷமாக அதைச் சாப்பிடுகிறவனுக்கல்லவா அந்த வார்த்தையின் அவசரம் தெரியும்.

இதற்குமேல் பால் பிரச்சினை வேறு. ரயில் நிலையம் ஆண்பால், தபால் நிலையம் பெண்பால், ஆஸ்பத்திரி இரண்டும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் முதலில் ஆஸ்பத்திரியின் பாலைத் தீர்மானித்துவிட்டுத்தான் வழி கேட்கலாம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். ஜெயநகரில் நாலாவது பிளாக் ஒன்று, நாலாவது டி பிளாக் வேறொன்று. மெயின், கிராஸ் எல்லாம் நம்பர்தான். போனில் இருக்கிற மேப் அம்மாள் மூன்று முறை யு-டர்ன் எடுக்கச் சொன்னாள், நடந்து போகிறவனை. கடைசியில் ஒரு இளநீர் வண்டிக்காரர். பதற்றத்தில் என் வாயில் முதலில் வந்தது ஜெர்மன் 'மன்னிக்கணும்': "எண்ட்ஷுல்டிகுங்!"

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தமிழா சார்? தெரு தெரியலையா? ஸ்ட்ரெய்ட்டாப் போய் ரெண்டாவது லெஃப்ட் எடுங்க."

ஜெர்மனில் கேட்டதற்குத் தமிழில் பதில் வந்த எரிச்சல் அவர்மேல் இல்லை. எம்.ஜி. ரோட்டில் சிலையாக நிற்கிற கிட்டல்மேல். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். கன்னடம் கற்றுக்கொண்டதோடு விட்டாரா? 1894-இல் சுமார் 70,000 சொற்களோடு கன்னட-ஆங்கில அகராதியையே போட்டுவிட்டார். அந்த மனிதர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. இருபது வருஷத்தில் நான் சேர்த்த கன்னடம் 'கன்னட கொத்தில்லா' மட்டும். அதையாவது நல்ல உச்சரிப்போடு சொல்வேன். லால்பாக் பக்கம் க்ரும்பீகல் என்ற ஜெர்மன் தோட்டக்கலைஞர் பேரில் ஒரு ரோடு உண்டு. தொலைந்ததுதான் தொலைந்தேன், அங்கே தொலைந்திருந்தால் தேர்வில் சொல்லிக்கொள்ளவாவது உதவியிருக்கும்.

தேர்வில் தபால் நிலையத்தை ஆண்பாலாக்கிவிட்டேன். அந்த முக்கியமான விஷயம் இதுதான்: வரும் சனிக்கிழமை மறுதேர்வு. இடம் அதே நாலாவது டி பிளாக், காலை பத்து மணி. வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தமிழில் சொன்னால் போதும்.