மைலண்ணன்

நியூஜெர்சி எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு தோசைக் கடை. பத்துப் பேர் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். பில் வந்ததும் எல்லோரும் பர்ஸைத் தேடுவதுபோல் பாவனை செய்ய, ஒரு கை மட்டும் சட்டென்று நீண்டு அதைக் கைப்பற்றுகிறது. "விடுங்க, விடுங்க, நான் பாத்துக்கறேன்." ஊரிலிருந்து புதிதாக வந்தவர் நெகிழ்ந்துபோய், "என்ன மனுஷன் பாரு!" என்று மனைவியிடம் கிசுகிசுக்கிறார். பழைய ஆட்கள் நெகிழ்வதில்லை. போனை எடுத்து, பணம் அனுப்ப வங்கிச் செயலியில் ஸெல்லைத் திறந்து தயாராக வைத்துக்கொள்கிறார்கள். சோம்பு வாய்க்குள் போவதற்குள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும்: "தலைக்கு 23 டாலர் 40 சென்ட். மெதுவா அனுப்புங்க, அவசரமே இல்ல." ஓட்டல் செலவுக்கு அவருடைய கார்டில் நான்கு மடங்கு பாயின்ட். தோசை பத்து வயிற்றுக்குள் போனாலும் பாயின்ட் ஒரே கணக்கில்தான் சேரும்.

இவர்தான் மைலண்ணன். எடிசனில் மட்டும் என்றில்லை. டல்லஸில் உண்டு, சிகாகோவில் உண்டு, பே ஏரியாவில் தெருவுக்கு ஒருவர் உண்டு. வயது நாற்பதுக்கு மேல். கணினி வேலை சோறு போடுகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அவருக்கு எதுவும் இல்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் விமான மைலில் வந்து இறங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப்பாருங்கள், "டாக்டர் ஃபீஸை எந்தக் கார்டுல போட்டீங்க?" என்பார்.

பர்ஸைத் திறந்தால் பணம் இருக்காது. கார்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன ஒட்டுத்தாள்: 'மளிகை', 'பெட்ரோல்', 'ஓட்டல்'. அவருக்குத் தாள் இல்லாமலே தெரியும், ஒட்டியது மனைவிக்காக. காய்கறிக் கடையில் தவறான கார்டை நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்த அம்மாளுக்கு அன்று ராத்திரி ஒரு பெருமூச்சாவது விழும். 2016 ஆகஸ்டில் ஒரு பெரிய வங்கி, சேர்ந்தால் ஒரு லட்சம் பாயின்ட் என்று உலோகக் கார்டு ஒன்றை வெளியிட்டது. விழுந்த கூட்டத்தில் கார்டு செய்யும் உலோகமே தீர்ந்துபோய், பலருக்கு முதலில் பிளாஸ்டிக்கில் ஒன்றை அனுப்பிச் சமாளித்தார்கள். அந்த முதல் வாரத்திலேயே தனக்கு உலோகத்தில் வந்தது என்பதை மைலண்ணன் இன்றைக்கும் சொல்வார். மேஜைமேல் போட்டு 'ணங்' என்ற சத்தத்தையும் கேட்க வைப்பார்.

இரண்டு வருஷத்துக்குள் ஐந்து புதுக் கார்டு வாங்கினவருக்கு ஆறாவது கிடையாது என்று அதே வங்கி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்போதுதான் அண்ணி கதைக்குள் வருகிறார்.

"ஏம்மா, உன் பேர்ல ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கறேன்."

தாம்பரம் பக்கம் மனை என்று நினைத்து முகம் மலர்ந்தவருக்கு, கார்டு என்று தெரிந்ததும் மலர்ந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாயின்ட் வட்டாரத்தில் மனைவிக்கு 'பி டூ' என்று பெயர். ஆட்டத்தின் இரண்டாவது ஆள். கல்யாணப் பத்திரிகையில் சௌபாக்கியவதி என்று போட்ட பெண்தான்.

இவருடைய பொற்காலம் அட்டவணைக் காலம். 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். வெகுகாலம் வரைக்கும், மைலைக் கொடுத்து டிக்கெட் வாங்க ஒரு பட்டியல் இருந்தது. உலகத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, இங்கிருந்து அங்கே போக இத்தனை மைல் என்று கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். தீபாவளி என்றும் பார்க்காது, திங்கட்கிழமை என்றும் பார்க்காது. இருக்கை இருந்தால் அதே விலை. தாத்தாவுக்குப் பாம்புப் பஞ்சாங்கம் எப்படியோ, இவருக்கு அந்த அட்டவணை அப்படி. யாராவது, "அண்ணா, ஆகஸ்ட்ல ஊருக்குப் போலாம்னு இருக்கோம்" என்று வந்தால் ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். வழியில் எந்த ஊரில் இரண்டு நாள் தங்கினால் கூடுதல் மைல் கிடையாது, எந்த ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறலாம் என்பதெல்லாம் மூடிய கண்ணுக்குள் ஓடும். திறந்ததும் சொல்வார், சொன்னது சொன்னபடி நடக்கும். தமிழ்ச் சங்கத் தலைவருக்குக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைத்தது.

2015 பிப்ரவரியில் டெல்டா தன் இணையதளத்திலிருந்து அட்டவணையை எடுத்துவிட்டது. 2019 நவம்பரில் யுனைடெட். பிற்பாடு அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தன் சொந்த விமானங்களுக்கு அதே வழிக்கு வந்தது. இப்போது விலை சொல்வது கம்ப்யூட்டர். அதே இருக்கையைக் காசுக்கு என்ன விலைக்கு விற்கலாம், எத்தனை பேர் கேட்கிறார்கள், பள்ளிக்கூட லீவா, விமானம் காலியாகப் போகுமா என்றெல்லாம் பார்த்து அன்றன்றைக்கு ஒரு எண் சொல்லும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆக, மைலண்ணனின் பாயின்ட்டை யாரும் பறிக்கவில்லை. அவருடைய படிப்பைத்தான் பறித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் மனப்பாடம் செய்த பஞ்சாங்கம் ஒரே ராத்திரியில் செல்லாது என்றால் மனுஷன் என்ன செய்வார்? ஜோசியராகிவிட்டார். "செவ்வாய்க்கிழமை ராத்திரி பாருங்க, இறங்கும்" என்கிறார். சில செவ்வாய் இறங்குகிறது. சில செவ்வாய் ஏறுகிறது. ஏறினால், "நீங்க ரெண்டு தடவை தேடிட்டீங்க, அதான்" என்று பழி நம் மேல்.

விமானக் கம்பெனிகளைச் சொல்லியும் குற்றமில்லை. நோட்டு அடிக்கும் எந்திரம் கையில் இருந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மைலைக் கட்டுக்கட்டாக வங்கிகளுக்கு விற்கிறார்கள். வங்கி அதைக் கார்டுக்காரருக்குத் தருகிறது. 2024-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு வந்த தொகை 700 கோடி டாலருக்கு மேல். 2020-இல் கொரோனா வந்து விமானமெல்லாம் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்துக் கோடிக்கணக்கில் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர்; அன்றைய பங்குச் சந்தைக் கணக்கில் மொத்தக் கம்பெனிக்குமே அவ்வளவு மதிப்பில்லை. நோட்டு அடிப்பதும் அவர்களே, அந்த நோட்டுக்கு எவ்வளவு அரிசி என்று முடிவு செய்வதும் அவர்களே. இதை மைலண்ணனிடம் எடுத்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டுவிட்டு, "இந்த மாசம் ஒரு கார்டுல 80,000 தர்றான், பாத்தீங்களா?" என்பார்.

அவருக்கென்று புராணங்களும் உண்டு. முதல் புராணம் கலிபோர்னியாவின் டேவிஸ் ஊர்ப் பொறியாளர் டேவிட் பிலிப்ஸ். 1999-இல் ஓர் உணவுக் கம்பெனி, அட்டையிலிருக்கும் பத்து பார்கோடுகளை அனுப்பினால் மைல் தருகிறோம் என்றது. பிலிப்ஸ் கடை கடையாகப் போய், கால் டாலர் விலையில் 12,150 புட்டிங் கிண்ணங்களை வாங்கிக் குவித்தார். பார்கோடு கிழிக்க ஆள் வேண்டுமே? கிண்ணங்களை சால்வேஷன் ஆர்மிக்குத் தானமாகக் கொடுத்து, அவர்களையே கிழித்துத் தர வைத்தார். செலவு 3,000 டாலருக்குக் கொஞ்சம் அதிகம். கிடைத்தது 12 லட்சம் மைலுக்கு மேல். தானத்துக்கு வரிச்சலுகை வேறு. இதிலிருந்து ஹாலிவுட்டில் ஒரு படமே பிறந்தது. இரண்டாவது புராணத்தில் அமெரிக்க அரசின் நாணயசாலையே வருகிறது. ஒரு டாலர் காசு புழக்கத்துக்கு வரட்டும் என்று முக மதிப்புக்கே விற்று, தபால் செலவையும் அரசே ஏற்றது. பக்தர்கள் கிரெடிட் கார்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கொண்டுபோய்க் கட்டி, அந்தப் பணத்தால் கார்டு பில்லை அடைத்தார்கள். காசு புழங்கவில்லை, மைல் புழங்கியது. 2011-இல் கார்டுக்குக் கிடையாது என்று நிறுத்தினார்கள். இந்த இடத்தில் மைலண்ணனுக்குத் தொண்டை கட்டும்.

அட்டவணை அடியோடு அழிந்துவிடவும் இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் கூட்டாளிகளின் விமானங்களுக்கு இன்னும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன்படி 70,000 மைலில் கத்தார் விமானத்தில் தோஹா வழியாகச் சென்னைக்கு, கதவு சாத்திக்கொள்ளும் பிசினஸ் வகுப்பில், காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். இருக்கைதான் கிடைக்காது. கிடைத்த ஒருவரைத் தெரிந்த ஒருவரை மைலண்ணனுக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால் மைலண்ணன் தனி ஆள் இல்லை. நான்கு பேர். நியூஜெர்சியில் பள்ளிக்கூடம் மூடுவது ஜூன் கடைசியில். அன்றைக்கே ஊரில் உள்ள அத்தனை இந்தியக் குடும்பமும் கிளம்பும். இது கம்ப்யூட்டருக்கும் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு மைலண்ணன் ஒரு பயணிக்குத் தேடுகிறார்: 62,000. உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. நான்கு பயணி என்று மாற்றுகிறார்: தலைக்கு 1,15,000. மலிவு விலையில் இருப்பது இரண்டே இருக்கை. நான்காகக் கேட்டால் நான்குக்கும் மேல்விலைதான். மறுபடி இரண்டு என்று போடுகிறார். 62,000 இருக்கிறது. வங்கியிலிருந்து பாயின்ட்டை விமானக் கம்பெனிக்கு அனுப்புகிறார். அனுப்பினால் அனுப்பினதுதான், திரும்ப வராது. திரும்பிப் பார்த்தால் இருக்கை இல்லை. திரையில் தெரியும், தொட்டால் மறையும் இந்த வகைக்குப் பாயின்ட் வட்டாரம் வைத்திருக்கும் பெயர் பேய் இருக்கை.

காலையில் காபியோடு திட்டம் விளக்கப்படுகிறது.

"நீயும் பாப்பாவும் ஃப்ராங்க்ஃபர்ட் வழியா. நானும் தம்பியும் லண்டன் வழியா. நான் ரெண்டு நாள் பின்னாடி வந்துடறேன்."

"லண்டன் ஃப்ரீயா?"

"ஃப்ரீதான். வரி, சர்சார்ஜ் மட்டும் கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஆளுக்கு முந்நூத்தி எண்பது டாலர்."

அண்ணி டம்ளரைக் கீழே வைக்கிறார். "ஏங்க, நாலு பேரும் ஒரே ஃப்ளைட்ல காசு குடுத்துப் போனா என்னங்க ஆகும்? உங்கம்மா வாசல்ல ரெண்டு தடவை ஆரத்தி கரைக்கணுமா?"

இதற்கு மைலண்ணனிடம் ஒரு கணக்கு உண்டு. டிக்கெட்டின் காசு விலையை மைலால் வகுத்து, ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை சென்ட் என்று சொல்வார். ஒரு சென்ட் என்றால் ஏமாளி, இரண்டு சென்ட் என்றால் மனுஷன், ஐந்து சென்ட் என்றால் சாதனையாளர். "5,000 டாலர் டிக்கெட்டும்மா, 70,000-க்கு! ஏழு சென்ட்!" அந்த 5,000 டாலரைக் கொடுத்து இந்தக் குடும்பம் எந்தக் காலத்திலும் போயிருக்காது என்பது அண்ணிக்குத் தெரியும். தோசைக்கே தலைக்கு 23.40 வசூலித்தவராயிற்றே.

இவ்வளவு சொன்னபிறகு இதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவன் நடுராத்திரி போன் மணிக்குப் பயப்படுவான். சங்கத்தில் யாருக்காவது அந்த மணி அடித்துவிட்டால் அடுத்த போன் மைலண்ணனுக்குத்தான். ஊரில் அப்பா தவறிவிட்டார், மறுநாள் மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் முகம் பார்க்கலாம். கடைசி நேர டிக்கெட் விலையைக் கேட்டால் இன்னொரு நெஞ்சுவலி வரும். மைலண்ணன் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. பாஸ்போர்ட் படம் மட்டும் அனுப்பச் சொல்வார். விற்காத இருக்கைகளைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் கூட்டாளிக் கம்பெனிகளுக்குத் திறந்துவிடுவார்கள் என்பதும், அதே விமானத்தின் அதே இருக்கை ஒரு கம்பெனியின் கணக்கில் இரண்டு லட்சம், இன்னொரு கம்பெனியின் கணக்கில் அதில் பாதிக்கும் கீழே என்பதும் அவருக்கு விரல்நுனியில். முக்கால் மணி நேரத்தில், நியூவார்க்கிலிருந்து தில்லிக்கு நேர் விமானம், தன் கணக்கிலிருந்து 75,000 மைல். தோஹா கனவுக்கென்று மூன்று வருஷமாகச் சேர்த்ததிலிருந்து போன மைல் அது. பணம் தர வந்தால், "போய்ட்டு வாங்க முதல்ல" என்று போனை வைத்துவிடுவார். ஏர்போர்ட்டுக்கு அவரே கார் ஓட்டுவார். வழியில் மைலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவரை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விரதம் என்று புரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து அந்த நண்பர் திரும்பி வருகிறார். மைலண்ணன் போய்ப் பார்க்கிறார். சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா எப்படி இருக்காங்க, காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா என்று விசாரிக்கிறார். காபி வருகிறது, குடிக்கிறார். எழுந்து வாசல்வரை வந்து, ஷூ மாட்டிக்கொண்டே குரலைத் தணித்துச் சொல்கிறார்:

"அன்னிக்கு அந்த டிக்கெட் காசுக்கு 2,400 டாலர் ஓடிச்சு. நமக்கு ஒரு பாயின்ட்டுக்கு மூணு புள்ளி ரெண்டு சென்ட் வந்திருக்கு. அப்பவே சொல்லணும்னு இருந்துது... துக்க சமயம், வேணாம்னு விட்டுட்டேன்."