சென்னை–கொழும்பு வான்வழித் தூரமும் பயணக் காலமும்: ஒரு முன்னோட்ட ஆராய்ச்சி

மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீட்டர். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆராய்ச்சிக்கு உதவாத இந்த எண்ணை முதலில் காவதமாக மாற்றிக்கொள்வதே முறை.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் ஒரு காதத்தை, அதாவது காவதத்தை, சுமார் பத்து மைல் என்கிறது. எனவே விமானம் கடப்பது 40 காவதம். ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம். இனி, பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் நடுவே 700 காவத நிலத்தைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் எழுதுகிறார். அதே விமானத்தை அந்நிலத்தின் மேல் ஓட்டினால் 23 மணி 20 நிமிடம் பிடிக்கும், பெட்ரோல் போட நிற்பது நீங்கலாக.

இங்கே ஒரு சிறு இடர். 700 காவதம் என்றால் 7,000 மைல், அதாவது 11,265 கிலோமீட்டர். குமரிமுனையிலிருந்து தென்துருவமே சுமார் 10,900 கிலோமீட்டர்தான். விமானம் துருவத்தைத் தாண்டி மறுபக்கம் வடக்கே ஏறிக்கொண்டிருக்கும். அங்கே சங்கம் கூடியிருந்தால், ஆறு மாத இரவில் ஏடு வாசிக்க விளக்கெண்ணெய் யார் கொடுத்தார்கள்? இதையெல்லாம் யோசித்த அறிஞர் சிலர் நிலத்தில் கை வைக்கவில்லை, காவதத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். அளவுகோல் நம் கையில் இருக்கும்போது கண்டத்தை ஏன் வெட்ட வேண்டும்?

நிற்க. பயணக் காலம் நால்வகைப்படும்: சொன்ன காலம், பறந்த காலம், காத்த காலம், கடிகாரக் காலம். முதல் இரண்டும் வெளிப்படை. மூன்றாவதற்கு ஜன்னலோரத்தார் உரை, நடைபாதையோரத்தார் உரை என இரண்டு உண்டு. இரண்டையும் மறுத்து, நடு இருக்கையில் அமர்ந்து இருபுறக் கைப்பிடிகளையும் கைப்பற்றிய ஒருவர் எழுதிய பேருரை (பெட்டி வரும் பெல்ட்டருகே வாய்மொழியாகப் பாடம் கேட்கப்பட்டது, நீலப் பெட்டி வந்ததும் ஆசிரியர் போய்விட்டதால் எஞ்சிய பகுதி கிடைக்கவில்லை) இன்றும் போற்றப்படுகிறது.

நான்காவதே நுட்பமானது. மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. சென்னையில் பத்து மணிக்கு ஏறியவர் அங்கே 12.20-க்கு இறங்குவார். அங்கே பத்துக்கு ஏறினால் இங்கே 10.20. திரும்பும் பயணம் இருபதே நிமிடம்! மணிக்கு 1,935 கிலோமீட்டர்; ஒலியை விஞ்சிய வேகம். கான்கார்டுக்கு இதைவிடச் சற்றுத்தான் அதிகம், ஆனால் டிக்கெட் விலையில் ஒப்பீடே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று இந்தச் சாதனையில் அரை மணியைக் குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் 15 அன்று ஒழிந்தது.

புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ இந்த மாற்றங்களை ஏற்கவே இல்லை. எனவே 2002-இல் ஏ-9 வீதி திறந்த பின் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வடக்கே போனவருக்கு அரை மணி மிச்சம். கடிகாரப்படி கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே கழித்தல் குறியோடு விடை தருகிறது. சாவடி வரிசையில் நின்ற நேரத்தை இதில் எங்கே சேர்ப்பது என்று உரைகாரர் எவரும் சொல்லவில்லை. அவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்றதில்லை.