முதல் அச்சுக்காரர்

முதல் அச்சுக்காரர் ஒரு இசைத்தட்டைக் கையில் எடுத்தால் பாட்டின் பெயரைப் பார்ப்பதில்லை. பாட்டுத் தடம் முடிந்து லேபிள் தொடங்கும்வரை ஒரு வெற்று வளையம் இருக்கும். அதைத்தான் கைபேசி விளக்கில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். அந்தத் தட்டு எந்த மூல அச்சிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் எண் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போனால் தட்டு ஒரிஜினல். ஒத்துப்போகாவிட்டால் ரீபிரஸ், அதாவது மறுபதிப்பு; தொட்ட பாவத்துக்குக் கைக்குட்டையை எடுப்பார்.

இவர் சேகரிப்பது ஆட்டப் பாட்டுத் தட்டுகளை மட்டும்: டிஸ்கோ, ஃபங்க், எண்பதுகளின் சினிமா கிளப் பாட்டு. கச்சேரித் தட்டும் பாகவதர் காலத்து அரக்குத் தட்டும் சேர்ப்பவர்கள் வேறு இனம். அவர்கள் சாதுக்கள், வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

புதுச்சேரியில் இவருடைய வாழிடம் நகரின் வடக்குக் கடலோரம். வைத்திக்குப்பத்தில் வலையும் படகும் கருங்கல் கொட்டிய கரையும் தெரிகிற ஒரு மாடி அறை அவருக்குப் போதும். இசைத்தட்டு வைக்க இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. உப்புக் காற்றில் பிளேயரின் திருகாணி துருவேறும். ஐப்பசி மழையில் கவருக்குள் பூஞ்சை பூக்கும். இரண்டையும் துடைத்துத் துடைத்தே அவருடைய மழைக்காலம் கழிகிறது.

தட்டுகள் இவருக்கு மூன்று வழியில் வந்து சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை ஒன்று. இரண்டாவது, சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) வீடுகள். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி பிரதேசம் இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டியில் மெடலோடு சில பாட்டுத் தட்டுகளும் வந்தன. செரோன் 1977இல் வெளியிட்ட 'சூப்பர்நேச்சர்' அப்படி ஒரு பெட்டியில் கிடைத்தால், முதல் அச்சுக்காரர் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடப்பார்.

மூன்றாவது வழிதான் முக்கியம்: மைக் செட்காரர்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எல்.பி.யையும் இ.பி.யையும் தேயத் தேய ஓட்டியவர்கள் அவர்களே. காதுகுத்து, கல்யாணம், திருவிழா மேடையில் ரிக்கார்டு டான்ஸ், எல்லாவற்றுக்கும் அதே தட்டு. ஊசி குதிக்காமலிருக்க அதன் தலையில் காசு வைத்து ஓட்டுவார்கள். 'சகலகலா வல்லவன்' (1982) புத்தாண்டுப் பாட்டு இருக்கும் தட்டு அப்படி ஓடியே உழுத நிலமாகியிருக்கும். கவரில் சவுண்ட் சர்வீஸ் முத்திரை நாலு இடத்தில் குத்தியிருக்கும். இதைத்தான் ஒரிஜினல் என்று அவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார். போட்டால் பாட்டுக்கு முன்னால் கொரகொரவென்று அடைமழை கேட்கும். அதுதான் உயிர் என்பார்.

அவருடைய கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. ஆட்டப் பாட்டுக்கென்றே ஒரு தட்டு பிறந்தது எழுபதுகளின் நடுவில், நியூயார்க்கில். ஏழு அங்குலத் தட்டில் நெருக்கியடித்த தடத்தை டாம் மோல்டன் என்ற கலவையாளர் பெரிய தட்டில் அகலமாக வெட்டக் கேட்டபோது, தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. பாஸ் ஒலி ஊசியை அதிகம் அலைக்கழிப்பது. தடம் குறுகினால் அதை அடக்கியே ஆகவேண்டும். 1976இல் சால்சோல் நிறுவனம் பன்னிரண்டு அங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டைக் கடைக்கே கொண்டுவந்தது. அன்றைய தட்டுகள் புதிய ஒலிநாடாவிலிருந்து, ஆடுகளத்தை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை. இன்றைய மறுபதிப்பு சில நேரம் கணினிக் கோப்பிலிருந்து வருகிறது. நாடா தொலைந்துபோயிருந்தால் இன்னொரு பழைய தட்டைப் போட்டே பதிவு செய்கிறார்கள். சத்தத்தை இறுக்கி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றியும் விடுகிறார்கள்.

இத்தனையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியது. அவர் சொல்வதில்லை. நிரூபிப்பார்.

நிரூபணத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், கேபிள்காரர், மாடி வாடகைக்குக் கேட்டு வந்தவர், யாரானாலும் சரி. முதலில் சன்னல் சாத்தப்படும், அலைச்சத்தம் ஆகாது. பிறகு மின்விசிறி நிறுத்தப்படும். அதன் இரைச்சல் பாட்டில் கலக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே, தரையில் சாக்பீஸால் குறியிட்ட இடத்தில், ஒரே ஒரு நாற்காலி. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்தவருடைய சட்டை முதல் பாட்டு முடியும்முன் முதுகோடு ஒட்டிவிடும். ஒரிஜினல் ஓடி முடிந்ததும் ஊசியைத் தூரிகையால் வருடி, தட்டை உறையிலிட்டு, மறுபதிப்பை விரல் நுனியில் ஏதோ அழுக்குத் துணிபோல எடுத்துப் போடுவார். அதே பாட்டு. அதே நீளம். பிறகு கேள்வி வரும்.

"தெரியுதா தம்பி?"

தெரியவில்லை என்று சொல்லத் துணிந்தவருக்கு இரண்டும் முதலிலிருந்து மறுபடி ஓடும். அனுபவசாலிகள் "தெரியுதுண்ணே" என்று உடனே சொல்வார்கள். அதுவும் தப்பிக்கும் வழியல்ல.

"என்ன தெரியுது?"

"பாஸ் நல்லா இருக்குண்ணே."

"பாஸை யார் வேணா கேப்பான் தம்பி. பாஸுக்கும் டிரம்முக்கும் நடுவுல காத்து இருக்கு பாரு, அதைக் கேளு."

மின்விசிறி நிறுத்திய அறையில் காற்றைக் கேட்கச் சொல்லும் மனிதர் வேறெங்கும் இருக்க முடியாது. மறுபதிப்புதான் தெளிவாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு மூன்றாவதாக ஜெர்மன் அச்சு போடப்படும்.

இந்தச் சோதனையில் ஒரு சின்ன மோசடியும் நடக்கிறது. ஒரிஜினல் ஓடும்போது அவருடைய கை ஒலித் திருகின்மேல் இருக்கும். ஒரு முடி அளவு கூட்டியிருப்பார். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒலிப் பொறியாளர்கள் இரண்டை ஒப்பிடும் முன் அளவைச் சமப்படுத்துவது இதனால்தான். எது எதென்று தெரியாமல் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். 2022இல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் கதை வெளியே வந்தது: நாடாவிலிருந்து நேராக வெட்டியது என்று ரசிகர்கள் நம்பி உயர்ந்த விலை கொடுத்த பல மறுபதிப்புகள் நடுவில் டிஜிட்டல் படியைத் தாண்டியே வந்திருந்தன. டிஜிட்டலை ஒரு நொடியில் கண்டுபிடிக்கிற காதுகள் உலகம் முழுவதும் அவற்றைப் பல ஆண்டு புகழ்ந்திருந்தன. இதை அவர் முன் சொல்லக் கூடாது.

இன்னொரு விவரம்: நிரூபணத்துக்கு மறுபதிப்பு கட்டாயம் தேவை. ஆகவே வெளியாகும் மறுபதிப்பு ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே வரவழைக்கிறார். அந்த நிறுவனங்களுக்கு ஊரில் இவரைப்போல விசுவாசமான வாடிக்கையாளர் கிடையாது.

இவருடைய வீட்டில் ஆடக் கூடாது. மாடித் தளம் அதிர்ந்தால் ஊசி குதிக்கும், குதித்தால் கீறல். அக்கா பேத்தி தாளத்துக்குக் காலைத் தட்டினால்கூட அண்ணனின் புருவம் ஏறும். நிமிடத்துக்கு நூற்றிருபது அடி விழும் பாட்டை எல்லோரும் துக்க வீட்டில் போலக் கைகட்டிக் கேட்கவேண்டும். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து சேரும். அன்று ஊரெல்லாம் தெருவில் நிற்கும். எங்கோ பென் டிரைவில் நகலின் நகலாக ஒரு பாட்டு ஓடும், பையன்கள் வியர்க்க வியர்க்க ஆடுவார்கள். அவர் மாடிச் சன்னலைச் சாத்திக்கொள்வார்.

வேடிக்கையை விட்டுவிட்டுச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. பழைய தட்டு என்ன விலைக்குக் கைமாறினாலும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் அதில் காலணா போவதில்லை. பம்பாய் சினிமா வாத்தியக்காரர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்டு கருவிகள் மூன்றை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார், எச்.எம்.வி. தட்டு விலைபோகவில்லை. அதே சாயலில் சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைத் தட்டுகள் வரத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டு கழித்துத்தான். 2010இல் பாம்பே கனெக்ஷன் என்ற டச்சு நிறுவனம் மறுபதிப்பு போட்டபிறகே உலகம் அவரைக் கேட்டது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார், 2015இல் காலமானார். கல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸ் பாடி 1982இல் வெளியான 'டிஸ்கோ ஜாஸ்' 2019 மறுபதிப்பில்தான் உயிர்பெற்றது. அலமாரிகளில் பத்திரமாக இருந்த ஒரிஜினல்கள் இந்த இருவருக்கும் ஒரு மேடைகூட வாங்கித் தரவில்லை.

ஆனால் நாடா தொலைந்த பாட்டுகளுக்கு மறுபதிப்பு போடுபவர்கள் தேடி வருவது இந்த மாதிரி அலமாரிகளுக்குத்தான். காயலான் கடையில் கிலோக் கணக்கில் போயிருக்கவேண்டிய தட்டை வாலை வடிநீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, புது உறை போட்டு வைத்திருப்பவர் அவர். கவரில் இருக்கும் சவுண்ட் சர்வீஸ் முத்திரையை மட்டும் அழிப்பதில்லை. அந்தக் கடைக்காரரின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டை யாருக்கும் காட்டி "தெரியுதா" என்று கேட்டதில்லை.

அண்ணனிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ஒரிஜினலைக் கழுவிப் பத்திரமாக வைக்கட்டும். ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை மறுபதிப்பைப் போட்டு, சன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, நாற்காலியை ஓரமாகத் தள்ளட்டும். கீறல் விழுந்தால் அது கடையில் இன்னொன்று கிடைக்கும்.