துரை கொடுத்த வாட்ச்

தாம்பரத்தில் பழைய குடும்பம் என்று சொல்லிக்கொள்ள மூன்று தகுதிகள் வேண்டும். ஏரியோரம் அடிமாட்டு விலைக்கு விற்ற நிலம், 1931-இல் விட்ட மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பீச் வரைக்கும் ஆபீஸ் போய்வந்த தாத்தா, அந்தத் தாத்தாவுக்குச் சீமைக்குத் திரும்பும்போது துரை கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரம். எங்களுக்கு மூன்றும் உண்டு. நிலத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வருமென்பதால், தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது வாட்சைப் பற்றிப் பேசுவோம்.

அது சேலையூரில் பெரியப்பாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக் கேஸ். வார் மாட்ட இரண்டு பக்கமும் கம்பியை வளைத்துப் பற்றவைத்த காதுகள். வெள்ளை எனாமல் டயல், ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வினாடி முள்ளுக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். டயலில் பெயர் மட்டும் கிடையாது. பெயரில்லாத பொருள் உறவுக்காரர்கள் கையில் கிடைத்தால் சும்மா விடுவார்களா? பெரியப்பாவுக்கு அது ரோலெக்ஸ். குரோம்பேட்டை மாமாவுக்கு ஃபேவர் லூபா. அத்தைக்கு மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ்.

மேற்குத் தாம்பரத்தில், மாடிப்படிக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரிடம் பெரியப்பாவே எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. பின்னாலேயே மாமாவும் அத்தையும். ரிப்பேர்காரர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, பின்மூடியின் விளிம்பில் கத்தி முனையை வைத்து, மூச்சைப் பிடித்து ஒரு திருகு திருகினார். டொப்பென்று திறந்தது. உள்ளே மெஷின் புதுப்பெண் மாதிரி மினுங்கியது.

பேலன்ஸ் சக்கரத்தின் மேல் ஊசி போல ஒரு சின்னக் கம்பி. அதன் இரு பக்கமும் ஏ, ஆர் என்று இரண்டு எழுத்துகள்.

“ஆர் இருக்கு பாரு! நான் சொல்லலே?” என்றாள் அத்தை.

“அது கம்பெனி இல்லேம்மா. இந்தப் பக்கம் தள்ளினா வேகமா ஓடும், அந்தப் பக்கம் தள்ளினா மெதுவா ஓடும். பிரெஞ்சு எழுத்து” என்றார் ரிப்பேர்காரர்.

பக்கத்தில் ஒரு சிலுவை. மாமா விடவில்லை. “அப்படின்னா கிறிஸ்டியன் காலேஜ் பாதிரியார் கொடுத்திருப்பார்!” அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்ததே 1937-இல்தான். சிலுவையோ ஸ்விஸ் அரசின் காப்புரிமைக் குறி. அந்தக் காலத்து ஸ்விஸ் மெஷின்களில் இது சர்வ சாதாரணம்.

கேஸின் உட்புறத்தில்தான் விஷயம் இருந்தது. 1907 ஜூன் முதல் பிரிட்டனுக்குள் இறக்குமதியாகும் வெள்ளி, தங்க வாட்ச் கேஸ்களை அங்கே சோதித்து முத்திரை குத்தியாக வேண்டும் என்று கெடுபிடி வந்தது. நம்முடையதில் லண்டன் முத்திரை, 1915-க்கான ஆண்டு எழுத்து, கூடவே ஜி.எஸ். என்று ஒரு பெயர்க்குறி. ஆஹா, செய்தவர் அகப்பட்டார் என்று நினைப்பீர்கள். ஜி.எஸ். என்றால் ஜார்ஜ் ஸ்டாக்வெல். ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த பெட்டிகளைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்த சரக்கு ஏஜென்ட். காஞ்சிபுரம் பட்டில் நெய்தவர் பெயரை விட்டுவிட்டு லாரி சர்வீஸ்காரர் பெயரை ஜரிகையில் போட்ட கதை.

“ரோலெக்ஸா இருந்தா ரோலெக்ஸ்காரங்க வில்ஸ்டார்ஃப், டேவிஸ் ரெண்டு பேரோட முதலெழுத்தும் கேஸில் இருக்கணும், பெரியப்பா” என்றேன். ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தது 1908-இல். ஆனாலும் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடைக்காரர்கள் டயலில் தங்கள் பெயரைப் போடுவார்கள், இல்லையென்றால் மொட்டையாக விடுவார்கள். செய்தவன் பெயரைப் போட விடமாட்டார்கள். வில்ஸ்டார்ஃபே ரோலெக்ஸை டயலில் ஏற்ற 1920-கள் வரை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

“அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் லீவுல இருந்திருப்பாங்கடா” என்றார் பெரியப்பா.

கடைசியில் டயலைக் கழற்றினார்கள். இங்கேதான் மெஷினின் ஜாதகம். சாவியை இழுத்து முள் திருப்பும் இடத்தில் இருக்கும் சின்ன இரும்புத் தகடுகளை ஒவ்வொரு ஆலையும் தனக்கென்று ஒரு வடிவத்தில் வெட்டும். குறுக்களவு 29.3 மில்லிமீட்டர். கடிகாரக்காரர்களின் பழைய பிரெஞ்சுக் கணக்கில், ஒன்றுக்கு 2.256 மில்லிமீட்டர் வீதம், பதின்மூன்று லீன். அளவையும் தகட்டின் வடிவத்தையும் பழைய உதிரிபாகக் கேட்டலாகில் ஒப்பிட்டதில் ஆள் அகப்பட்டுவிட்டார்: ஃபோந்தேன்மெலோன். 1793-இல் தொடங்கிய ஸ்விஸ் ஆலை. அரைகுறை மெஷினாகச் செய்து ஊரெல்லாம் விற்றது. வாங்கிய யாரோ கல் பதித்து, முள் வைத்து, ஓடவிட்டு முடிப்பார்கள். டயல் ஒருவர், கேஸ் ஒருவர், சரக்கு ஒருவர், கடை ஒருவர்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் டயல் ஓரிடம், மெஷின் ஓரிடம் என்று ஒட்டுப்போட்ட வாட்சைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1915-இல் ஒழுங்கான வாட்சே அப்படித்தான் பிறந்தது. அதே பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைப் பொறுக்கினாரே, இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் கண்ட பழைய கற்காலக் கருவி. அது ஒன்றுதான் ஒரே ஆள் செய்தது என்று நம்பிச் சொல்லலாம்.

பெரியப்பா தோற்றுப்போனார் என்று நினைக்க வேண்டாம். லண்டன் முத்திரை இருப்பதால் அது சீமைக்குப் போய்த்தான் இங்கே வந்திருக்கிறது. “அப்போ துரை நிஜம்தானே?” என்றார். இதற்கு மறுப்புச் சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் அத்தை கையில் கிண்ணத்தோடு நிற்கிறாள். தேய்த்தால் முதலில் போவது முத்திரைதான். எண்கள் இருட்டில் ஒளிர்வதற்காகப் பச்சை, பழுப்பு நிறத்தில் ஏதாவது பூசியிருந்தால் அதையும் சுரண்டாதீர்கள். ரேடியமாக இருக்கலாம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் பிடிக்கும்.