டிஸ்க்கைக் காணோம்னு ஒப்பாரி வைக்கிற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, இப்படி வந்து குந்து. காலையிலேர்ந்து அந்தப் பொட்டிக்கு முன்னாடி நீ திட்டுற திட்டு முகத்துவாரம் வரைக்கும் கேக்குது. மொதல்ல பென் டிரைவ் மோசம்னே. அப்பால கரண்டு மோசம்னே. கடைசியில விண்டோஸ் செஞ்சவன் பரம்பரையையே இழுத்துட்டே. பாவம்டா அவனுங்க. லைட்ஹவுஸ் குப்பத்துல இப்படி ஒரு வித்வான் இருக்கான்னு தெரியாம சாஃப்ட்வேர் பண்ணிட்டானுங்க.

தாத்தாவுக்கு இன்னா தெரியும்னு சிரிக்காதே. ஏரியில இறால் ஏமாத்துன வருசமெல்லாம் நான் கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற ரிச்சி தெருவுல பொட்டி தூக்குனவன். மூட்டை தூக்குறவன் காதை எவனும் மூடுறதில்ல. எக்ஸ்பி காலத்துல நாலு டிஸ்க் வெச்ச மிஷினுக்கு ஓஎஸ் ஏத்துறதுன்னா, நீலத் திரையில கீழ ஒரு வரி வரும். அது மறையறதுக்குள்ள எஃப்6 தட்டணும். தட்டிட்டு டிரைவர் இருக்கற ஃப்ளாப்பியைச் சொருகணும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத பொட்டிக்கு, அந்த ஒரு வேலைக்காகப் பக்கத்துக் கடையில டிரைவ் இரவல் வாங்கினு வருவானுங்க. உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, பென் டிரைவே போதும். ஆனா திரையில வர்றதை நின்னு படிக்கிற பொறுமை அவனுங்களுக்கு இருந்திச்சு.

சரி, உன் கதைக்கு வருவோம். கல்யாண வீடியோ எடிட் பண்ணப் போறேன்னு செகண்ட் ஹேண்டுல பொட்டி புடிச்சே. உள்ள ஒரு எஸ்எஸ்டி, மூணு ஹார்டு டிஸ்க். இன்ஸ்டால் திரை ‘டிரைவ் எதுவும் கிடைக்கல’ங்குது. உடனே டிஸ்க் செத்துப்போச்சுன்னு ஊரைக் கூட்டிட்டே. ஏண்டா, பயாஸுக்குள்ள போய்ப் பார்த்தியா? அங்க நாலும் பேரோட நிக்குதுன்னா டிஸ்க்குங்க உயிரோடதான் இருக்கு. இன்ஸ்டாலருக்குத்தான் கண்ணு தெரியல. அங்கயும் ஒண்ணு கொறையுதுன்னா, அப்ப மூடியைக் கழட்டி கேபிளைப் பாரு. நம்ம உப்புக் காத்துக்குச் செம்புன்னா உசுரு. சாட்டா கனெக்டர்ல பச்சை பூத்திருந்தா நீ எத்தினி தபா ஃபார்மேட் தட்டினாலும் அது பேசாது.

பயாஸ்ல தெரிஞ்சு இன்ஸ்டாலர்ல தெரியலன்னா, நடுவுல ஒருத்தன் ஒளிச்சு வெச்சிருக்கான்னு அர்த்தம். அவன் பேரு ஸ்டோரேஜ் கன்ட்ரோலர். பல டிஸ்க்கை ஒரே கட்டாக் கட்டுற ரெய்டு மோடுல இருந்தா டிஸ்க்குங்களையெல்லாம் தன் பின்னால நிறுத்திக்குவான். பதினோராம் தலைமுறை இன்டெல் பொட்டிங்கள்லேர்ந்து விஎம்டின்னு இன்னொரு பேருல வர்றான். நெறைய பொட்டியில கம்பெனிக்காரனே அதை ஆன் பண்ணித்தான் அனுப்புறான். விண்டோஸ் இன்ஸ்டாலர்கிட்ட அவனோட பேசுற டிரைவர் இல்லாமப் போனா, நீ காசு குடுத்து வாங்குன எஸ்எஸ்டி அதுக்கு இல்லாத சாமான்தான். மதர்போர்டு கம்பெனி தளத்துல இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கும். அதை இறக்கி, பிரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் வெளிய தெரியற மாதிரி பென் டிரைவ்ல போட்டு, ‘லோட் டிரைவர்’ பட்டனைத் தட்டிக் காட்டணும். நீ பொட்டலத்தைப் பிரிக்காமலே இஎக்ஸ்இ ஃபைலா வெச்சுட்டு, எடுத்துக்கல எடுத்துக்கலன்னு அழுதே பாரு, அதைக் கேட்டு உங்க ஆயா காப்பியைக் கொட்டிட்டா.

உபுண்டு போடப் போனா அது வேற மாதிரி. இந்த ரேப்பிட் ஸ்டோரேஜ் ஆன்ல இருந்தா, மொதல்ல அதை ஆஃப் பண்ணிட்டு வான்னு மொகத்துக்கு நேரா சொல்லி நிறுத்திடும். உடனே நீ குதிச்சு ஓடி பயாஸ்ல ஏஹெச்சிஐன்னு மாத்திடுவே. மாத்தலாம், எஸ்எஸ்டியில ஏற்கெனவே ஓடுற விண்டோஸ் இல்லன்னா. இருந்தா அடுத்த தபா ‘இன்னாக்சசிபிள் பூட் டிவைஸ்’னு நீலத் திரை வரும். மாத்துறதுக்கு முன்னாடியே சேஃப் மோடுல எழுந்திருன்னு விண்டோஸுக்குச் சொல்லி வெச்சுட்டு, அப்பால பயாஸ்ல மாத்தணும். சேஃப் மோடுல ஒரு தபா எழுந்தா தனக்கு வேண்டிய டிரைவரை அதுவே சேத்துக்கும். அந்த மூணு டிஸ்க்கும் பழையபடி ஒரே கட்டுல இருந்துச்சுன்னா மோடை மாத்தினதும் கட்டு கண்ணுக்குத் தெரியாமப் போகும். அப்ப பதறிப்போய் ‘இனிஷியலைஸ்’னு கேக்குற பட்டனைத் தட்டாதே. தட்டுனா உள்ள இருந்ததுக்குக் கருமாதிதான்.

செகண்ட் ஹேண்டு டிஸ்க்ல இன்னொரு வில்லங்கம் இருக்கு. முன்னால வெச்சிருந்தவன் கட்டுன ரெய்டோட குறிப்பு டிஸ்க்கோட ஓரத்துல அப்படியே கெடக்கும். ஃபார்மேட் பண்ணாலும் போவாது. லினக்ஸ் இன்ஸ்டாலர் அதைப் பார்த்துட்டு இது ஏதோ ஒரு கட்டோட மெம்பர்னு நெனைச்சுத் தனி டிஸ்க்கா காட்ட மாட்டேங்கும். வைப்எஃப்எஸ்ஸோ, எம்டிஏடிஎம்ல ஜீரோ சூப்பர்பிளாக்கோ போட்டாத்தான் தொடையும். விண்டோஸ் பக்கம் டிஸ்க்பார்ட்டுல ‘கிளீன்’ போடுவாங்க. அதைப் போடுறப்ப மட்டும் தாத்தாவைக் கூப்புடு. டிஸ்க் 0, டிஸ்க் 1ங்கிற நம்பர் ஒவ்வொரு தபாவும் அப்படியே இருக்கும்னு எவனும் எழுதிக் குடுக்கல. ஸ்டிக்கர்ல இருக்கற சீரியல் நம்பரையும் சைஸையும் பார்த்துட்டுப் போடு.

இதெல்லாம் தாண்டி ஓஎஸ் ஏறிடுச்சுன்னு வெச்சுக்கோ. பொட்டியைத் திரும்ப ஆன் பண்ணா கறுப்புத் திரை. ஏரியில நமக்குப் பாடு இருக்கில்ல? சீட்டுப் போட்டு இன்னிக்கி இந்த எடம் இவனுக்கு, நாளைக்கி அவனுக்குன்னு பிரிக்கிறது. மொறை தெரியாம எவனாவது வலையைத் தூக்கினு போனா பஞ்சாயத்துதான். பொட்டிக்கும் அந்த மாதிரி ஒரு பாடு பயாஸ்ல எழுதியிருக்கு, பூட் ஆர்டர்னு. ஓஎஸ் எஸ்எஸ்டியில ஒக்காந்திருக்கும், மொறை ஹார்டு டிஸ்க்குக்குப் போயிருக்கும். அதுல இன்னா இருக்கு எழுப்புறதுக்கு?

விண்டோஸ் பண்ற திருட்டு வேலை ஒண்ணு சொல்றேன். நீ எஸ்எஸ்டியைத்தான் காட்டியிருப்பே. ஆனா வேற டிஸ்க்ல பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தா பூட் ஃபைலை அங்க கொண்டுபோய் வெச்சிடும். ரொம்ப நாள் ஒழுங்கா ஓடும். ஒரு நாளு அந்தப் பழைய டிஸ்க்கைக் கழட்டுவே, எஸ்எஸ்டி குத்துக்கல்லாட்டம் இருந்தும் பொட்டி எழுந்திருக்காது. அதனால ஓஎஸ் ஏத்துறப்ப அந்த ஒரு டிஸ்க்கைத் தவிர மத்ததோட கேபிளைப் புடுங்கி வெச்சிடு. ரிச்சி தெருவுல கெழட்டு மெக்கானிக்குங்க மொதல்ல பண்றது அதைத்தான். பசங்கதான் கௌரவம் பார்ப்பானுங்க.

மூணு டிஸ்க்கையும் ரெய்டு பண்ணப் போறேங்குறியே, எந்த ரெய்டு? 1988ல பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேரு ஒரு கட்டுரை எழுதுனாங்க. வெல கொறைஞ்ச டிஸ்க்குங்களைச் சேத்துக் கட்டி ஒரு பெரிய டிஸ்க் வேலையை வாங்கலாம்னு. நீயும் வெல கொறைஞ்சதாத்தான் வாங்கியிருக்கே, அது வரைக்கும் சரி. ரெய்டு 0ன்னா வேகம். ஆனா ஒண்ணு போனா எல்லாம் போச்சு. ரெய்டு 1ன்னா மிர்ரர், ஒரே சரக்கு எல்லா டிஸ்க்லயும். ரெய்டு 5ன்னா மூணு 1 டிபி டிஸ்க்குக்கு 2 டிபி எடம் கெடைக்கும், ஒண்ணு செத்தாலும் மிச்சத்த வெச்சுக் கணக்குப் போட்டுத் திரும்ப எடுத்துடலாம். எழுதினு இருக்கும்போது கரண்டு புடுங்குச்சுன்னா அந்தக் கணக்கே தப்பாயிடலாம். நம்ம ஊரு கரண்டை நம்பி, யூபிஎஸ் இல்லாம ரெய்டு 5 போடுறவன் ரொம்ப தைரியசாலி.

எதைப் போட்டாலும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ரெய்டு 5க்குள்ள தள்ளாதே. பொட்டி எழுந்திருக்கிறப்ப அதுக்கு ரெய்டு கணக்கெல்லாம் தெரியாது, சாதா ஃபேட் பார்ட்டிஷனைத்தான் படிக்கும். ஓஎஸ்ஸை எஸ்எஸ்டியில தனியா விடு, வீடியோவை மூணு டிஸ்க்ல வை.

ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்குன்னு கேக்காதே. நீ தப்பா ஒரு ஃபைலை அழிச்சா மிர்ரர் அதை ரெண்டு பக்கமும் ரொம்ப விசுவாசமா அழிக்கும்.

நாளைக்கி ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் வுடுறாங்களாம், கடலுக்குப் போவக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்ப உனக்கு நாள் முழுக்க இருக்கு. நீ எடிட் பண்ண வாங்கி வெச்சிருக்கற கோட்டைக்குப்பத்து மாப்பிள்ளை கல்யாண வீடியோ எந்த டிஸ்க்ல கெடக்குன்னு மொதல்ல கண்டுபுடிச்சு, அதை வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடு. எடுக்காம ‘கிளீன்’ போட்டேன்னா, அவங்க மாமியா வந்து வாசல்ல நிக்கிறப்ப பேரன் வீட்டுல இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். உள்ளதான் இருக்கான், அந்த மூணாவது ரூம்ல பாருங்கன்னு கையைக் காட்டுவேன்.